ட்ரென்ட்-செவர்னில் ஏழு படகு, ஐந்து பழுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த ஜூலையில் எங்கள் படகுக் கழகத்திலிருந்து ஏழு படகுகள் ட்ரென்டனில் கிளம்பி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ட்ரென்ட்-செவர்ன் நீர்வழி முழுவதையும் கடந்து போர்ட் செவர்ன் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. ஒன்பது நாள் என்று போட்ட கணக்கு பன்னிரண்டு நாளானது. ஏழில் ஐந்து படகுகள் வழியில் ஏதாவது ஒரு பழுதில் நின்றன. ஒன்று ஒரில்லியாவில் டிரெய்லரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டது, மற்ற ஆறும் போய்ச் சேர்ந்தன. அன்றிலிருந்து ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்து நண்பர்கள், புதிதாகப் படகு வாங்கியவர்கள், வாங்க நினைப்பவர்கள் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ட்ரென்ட்-செவர்ன் என்பது என்ன, எவ்வளவு தூரம்?

ஒன்டாரியோ ஏரிப் பக்கம் இருக்கும் ட்ரென்டனிலிருந்து ஜார்ஜியன் விரிகுடாப் பக்கம் இருக்கும் போர்ட் செவர்ன் வரை 386 கிலோமீட்டர். ஆறுகளையும் ஏரிகளையும் கால்வாய் வெட்டிக் கோத்த வழி. 1833இல் பாப்கேஜனில் தொடங்கிய வேலை முழு வழியாக முடிய 1920 ஆனது. கனடா அரசின் தேசியப் பூங்கா நிறுவனமான பார்க்ஸ் கனடா நடத்துகிறது; மே மாத விக்டோரியா தின விடுமுறைக்குத் திறந்து அக்டோபர் தாங்க்ஸ்கிவிங்கோடு மூடுவார்கள். நடுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட லாக்குகள். லாக் என்றால் இரண்டு பக்கமும் கதவு போட்ட பெரிய தொட்டி. படகு உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். ட்ரென்டனிலிருந்து பால்சம் ஏரி வரை ஏற்றம், அங்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 256 மீட்டர் உயரம். அதன் பிறகு கர்க்ஃபீல்டிலிருந்து இறக்கம். இந்த ஏற்ற இறக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பழுது இதனால்தான் வந்தது.

ஏழில் ஐந்து நின்றதென்றால், யாரும் படகை ஒழுங்காகப் பார்க்கவில்லையா?

பார்த்தோம். வசந்தத்தில் ஏழு படகுக்கும் ஆயில் மாற்றி, பேட்டரி சோதித்துத்தான் தண்ணீரில் இறக்கினோம். ஆனால் நம்மில் பெரும்பாலானோர் படகை எப்படி ஓட்டுகிறோம்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். கூட்டுப் பயணத்தில் ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் இன்ஜின் ஓடுகிறது, அதுவும் லாக்குக்கு லாக் நிறுத்தி, மறுபடி கிளப்பி, முன்னும் பின்னும் கியர் மாற்றி. எங்கள் படகு வழக்கமாக ஒரு கோடை முழுக்க ஓடும் மணி நேரத்தை முதல் ஒரு வாரத்திலேயே ஓடிவிட்டது. எப்படியும் உடையவிருந்த பாகங்கள் எல்லாம் அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் வந்து உடைந்தன.

இன்னொரு விஷயம், இதைத்தான் நாங்கள் திட்டம் போடும்போது யோசிக்கவே இல்லை. தனியாகப் போனால் உங்கள் படகு பழுதானால்தான் நிற்பீர்கள். ஏழு பேர் சேர்ந்து போனால் ஏழு படகின் பழுதுக்கும் எல்லோரும் நிற்க வேண்டும். கூட்டமாகப் போனால் பாதுகாப்பு அதிகம், அது உண்மை. ஆனால் நேரம் கூடத்தான் ஆகும். ஒன்பது நாள் கணக்கில் நாங்கள் ஓய்வுக்கென்று வைத்தது ஒரே ஒரு நாள். தப்பு அங்கேதான் தொடங்கியது, இன்ஜின்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

ரைஸ் ஏரியில் உங்கள் படகுக்கு என்ன ஆனது?

ஹேஸ்டிங்ஸ் லாக்கைத் தாண்டியதும் ரைஸ் ஏரி. ஆழம் குறைவு, ஜூலையில் பாசியும் நீர்க்கொடியும் மண்டிக் கிடக்கும். அதோடு 1854இல் ஏரியின் குறுக்கே போட்ட கோபர்க்–பீட்டர்பரோ ரயில் பாதையின் மிச்சம் இன்னும் தண்ணீருக்குள் கிடக்கிறது, குளிர்காலப் பனிக்கட்டி சிதைத்துவிட்ட பாதை அது. மிதவை காட்டும் இடைவெளி வழியாகத்தான் அதைத் தாண்ட வேண்டும். என் கண் முழுக்க அந்த மிதவைகளில் இருந்தது, வெப்பமானியைப் பார்க்கவில்லை. அலாரம் அடித்தபோதுதான் திரும்பினேன்.

படகு இன்ஜினுக்கு வெளித் தண்ணீரை உறிஞ்சித்தான் குளிரூட்டுகிறோம். அந்தத் தண்ணீரை இழுப்பது இம்பெல்லர் என்கிற உள்ளங்கை அளவு ரப்பர்ச் சக்கரம். உறிஞ்சும் வாயைப் பாசி அடைத்தால் பம்ப் காய்ந்து ஓடும், தண்ணீர்தான் அதற்கு எண்ணெய் மாதிரி, அது இல்லாமல் ஓரிரு நிமிடத்திலேயே ரப்பர் இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும். எனக்கு அதுதான் நடந்தது. இன்ஜினை அணைத்து, நங்கூரம் போட்டு, மனைவி விசைப்படகுகள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க, பம்பைக் கழற்றினேன். ஆறு இதழில் நான்குதான் இருந்தது.

கையில் புது இம்பெல்லர் இருந்ததால் மாட்டிவிட்டுக் கிளம்பியிருப்பேன். பக்கத்தில் கட்டிய படகிலிருந்து வந்த ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக் ஒருவர், கழகத்தில் எல்லோருக்கும் மூத்தவர், என் கையைப் பிடித்துவிட்டார். "காணாமல் போன இரண்டு இதழையும் கண்டுபிடிக்காமல் இன்ஜினைத் தொடாதே" என்றார். பிய்ந்த துண்டுகள் தண்ணீரோடு போய், இன்ஜின் சூட்டை வெளித் தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் மாட்டிக்கொள்ளும், புது இம்பெல்லர் போட்டாலும் சூடு குறையாது. ஒவ்வொரு ஹோஸாகக் கழற்றி ஒன்றரை மணி நேரம் தேடினோம், இரண்டும் கிடைத்தன. அன்று பாதி நாள் போனது, ஆனால் இன்ஜின் பிழைத்தது.

ஒரு எச்சரிக்கை: ஸ்டெர்ன் டிரைவ் என்றால் இன்ஜின் படகுக்குள்ளும் ப்ரொபெல்லர் பிடித்த கால் பின்னால் வெளியிலும் இருக்கும் வகை; அப்படிப்பட்ட சில படகுகளில் இம்பெல்லர் தண்ணீருக்குள் இருக்கும் காலுக்குள்ளேயே இருக்கும், படகைக் கரையில் தூக்காமல் மாற்ற முடியாது. உங்களுடையது எந்த வகை என்று இப்போதே பாருங்கள். அந்த வகை என்றால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

சூடு ஏறினால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று இடத்தைப் பாருங்கள். வெப்பமானி, வோல்ட் மீட்டர், பின்னால் எக்ஸாஸ்ட்டோடு வரும் தண்ணீர். சூடு ஏறும்போதே வோல்ட்டும் இறங்கினால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பல இன்ஜின்களில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் உள்சுற்றுத் தண்ணீர் பம்பையும் ஒரே பெல்ட் ஓட்டும். பாப்கேஜன் தாண்டி ஸ்டர்ஜன் ஏரியில் எங்கள் மூன்றாவது பழுது இப்படித்தான், அந்தப் படகை ஓட்டிய அம்மா ரேடியோவில் "சூடு ஏறுகிறது, சார்ஜும் ஆகவில்லை" என்று சொன்ன உடனேயே இங்கிருந்து பெல்ட் என்று பதில் போனது. இருபது நிமிட வேலை. வோல்ட் சரியாக இருந்து, எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் குறைந்து ஆவி வந்தால் பாசி அல்லது இம்பெல்லர். தண்ணீர் நன்றாக வருகிறது, இருந்தும் சூடு என்றால் தெர்மோஸ்டாட்டையோ கூலன்ட் அளவையோ சந்தேகப்படுங்கள், ஆனால் சூடான மூடியைத் திறக்காதீர்கள்.

பக்ஹார்ன் லாக்கில் ஒரு படகு முன்னால் போய் மோதியது என்கிறார்களே?

ஆமாம், சனிக்கிழமை பிற்பகல், லாக் நிறையப் படகுகள். எங்களில் நான்காவதாக உள்ளே வந்த படகு மெதுவாகத்தான் வந்தது. நிறுத்துவதற்காக ஓட்டியவர் லீவரைப் பின்னுக்கு இழுத்தார், லீவர் லேசாக வந்துவிட்டது, கியர் மட்டும் முன்னிலேயே நின்றது. லீவரையும் கியரையும் இணைக்கும் கேபிள் உள்ளே அறுந்திருக்கிறது. அவர் என்ன செய்தார் என்றால், பின்கியர்தான் போட்டாயிற்றே, ஏன் நிற்கவில்லை என்று ஆக்ஸிலேட்டரை இன்னும் கொடுத்தார். யாருக்கும் அந்த இரண்டு நொடியில் அப்படித்தான் தோன்றும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். முன்னால் இருந்த படகின் பின்பலகையில் இடித்தது. பலகை விரிசல் விட்டது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல காலம், அந்தப் பலகையில் நின்ற சிறுமி சற்று முன்தான் உள்ளே போயிருந்தாள்.

இதிலிருந்து நாங்கள் பிடித்துக்கொண்டது இரண்டு பழக்கம். லாக் வாய்க்கு வெளியே, இன்னும் இடம் இருக்கும்போதே, ஒரு தரம் பின்கியர் போட்டுப் படகு உண்மையிலேயே பின்னால் இழுக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். உள்ளே கியர் சிக்கினால் சாவியைத் திருப்பி இன்ஜினை அணையுங்கள், அதுதான் பிரேக். அப்புறம் கயிறு. லாக் சுவரில் மேலிருந்து கீழ் வரை தொங்கும் தடித்த கேபிள்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், படகின் நடுவில் கட்டிய கயிறை அதில் ஒரு சுற்றுப் போட்டு இறுக்கினால் ஓடும் படகையே நிறுத்தலாம். சுற்றுத்தான் போட வேண்டும், முடிச்சுப் போடக் கூடாது. தண்ணீர் மட்டம் மாறும்போது முடிச்சுப் போட்ட படகு தொங்கிவிடும். காலையோ கையையோ நீட்டிப் படகைத் தடுக்கவே தடுக்காதீர்கள், நான்கு டன் எடைக்கு எலும்பு ஒரு பொருட்டே இல்லை.

அறுந்த கியர் கேபிளை மாற்றுவது பெரிய வேலை இல்லை, கிடைப்பதுதான் கஷ்டம். சனிக்கிழமை மாலை எந்தக் கடை திறந்திருக்கும்? திங்கள் காலை ஒருவர் பீட்டர்பரோ போய் வாங்கி வந்தார். கேபிள் உறையிலேயே நீளமும் எண்ணும் அச்சிட்டிருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனதால் ஒரே தடவையில் சரியானது கிடைத்தது. இரண்டு நாள் பக்ஹார்னில்.

நின்றுபோன படகை லாக்குக்குள் எப்படிக் கொண்டுபோவது?

திறந்த ஏரியில் நீளக் கயிறு கட்டிப் பின்னால் இழுக்கலாம். லாக் நெருங்கும்போது அது ஆகாது, இழுக்கும் படகு நின்றாலும் பின்னால் வருவது நிற்காது. அதனால் பக்கவாட்டில் அணைத்துக் கட்ட வேண்டும். இழுக்கும் படகின் பின்பக்கம் மற்றதைவிடச் சற்றுப் பின்னால் தள்ளி இருக்கட்டும், அப்போதுதான் ப்ரொபெல்லரும் சுக்கானும் இரண்டு படகையும் சேர்த்துத் திருப்பும். முன்னும் பின்னும் குறுக்காகவும் இறுக்கிக் கட்டி, நடுவில் ஃபெண்டர் என்கிற இடிதாங்கி மெத்தைகள் நிறையப் போடுங்கள். தளர்வாகக் கட்டினால் இரண்டும் உரசித் தேய்ந்துவிடும். லாக் ஊழியர்களுக்கு முன்பே தெரியப்படுத்துங்கள். எங்களுக்காக ஒரு தடவை மற்றப் படகுகளை நிறுத்திவைத்து இடம் விட்டார்கள், அந்தப் பிள்ளைகளை மறக்க மாட்டேன், பாதிப் பேர் கோடை வேலைக்கு வந்த மாணவர்கள்.

சிவப்பு மிதவை எந்தப் பக்கம்? ஏன் இதில் இத்தனை பேர் குழம்புகிறார்கள்?

ஏற்ற இறக்கத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். மேல்நோக்கிப் போகும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம். ட்ரென்டனிலிருந்து நாள் கணக்கில் அப்படியே ஓட்டிக் கை பழகிவிடும். கர்க்ஃபீல்ட் லாக்கிலிருந்து நீங்கள் இறங்குகிறீர்கள், அங்கிருந்து சிவப்பு இடப்பக்கம். வரைபடத்தில் எழுதியிருக்கிறது, நாங்களும் காலையில் பேசிக்கொண்டோம். இருந்தும் எங்களில் இன்னொரு படகு கனால் ஏரியில் ஒரு மிதவையைத் தப்பான பக்கம் எடுத்துக் கல்லில் உரசியது, ப்ரொபெல்லரின் ஒரு இறக்கை சுருண்டுபோனது, படகு முழுக்க நடுக்கம்.

அவரிடம் மாற்று ப்ரொபெல்லர் இருந்தது. ஸ்டெர்ன் டிரைவ் காலை முழுக்க மேலே தூக்கினால் தண்ணீரில் நின்றபடியே மாற்றலாம். ஸ்பேனரை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டினோம், மீன்வலை ஒன்றைக் கீழே பிடித்தோம், நட்டு ஒரு தடவை விழுந்தது, வலைக்குள்தான் விழுந்தது. பழைய ப்ரொபெல்லரோடு நடுங்கிக்கொண்டே ஓட்டியிருந்தால் ஷாஃப்ட் சீலும் பேரிங்கும் போயிருக்கும்.

சிம்கோ ஏரியில் நின்ற படகுதான் வீட்டுக்குப் போனதா?

அதுதான். கால்வாயில் ஓடும் வரை அந்தப் படகுக்கு ஒரு குறையும் இல்லை. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு, அலையே இல்லாத தண்ணீர். பிறகு 41ஆம் எண் லாக், கேம்பிரிட்ஜ் (Gamebridge) லாக். அதைத் தாண்டினால் சிம்கோ ஏரி. அன்று மேற்குக் காற்று, ஒரு மீட்டர் அலை. இருபது வருடமாக டேங்க் அடியில் படிந்து கிடந்த கசடும் தண்ணீரும் கலங்கி எழுந்தன. பாதி ஏரியில் இன்ஜின் திக்கித் திக்கி நின்றது. ஃபில்டர் மாற்றினார்கள், பத்து நிமிடம் ஓடியது. இரண்டாவது ஃபில்டர், ஐந்து நிமிடம். மூன்றாவது இல்லை.

பக்கவாட்டில் கட்ட அலை விடாது. நீளக் கயிறில் இழுத்துத்தான் ஒரில்லியா சேர்த்தோம், எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டில், கயிறின் நேர்கோட்டில் யாரும் நிற்கவில்லை, நைலான் கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி அடிக்கும். கரையில் ஃபில்டரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினோம். கால்வாசிக்குத் தண்ணீர் கீழே தனியாக நின்றது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும், ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்கைச் சுத்தம் செய்யாமல் இதற்கு வழியே இல்லை, அதனால் அவர் டிரெய்லர் வரவழைத்தார். வசந்தத்திலேயே ஃபில்டரைக் குவளையில் ஊற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு படகு நின்றால் எல்லோரும் காத்திருக்க வேண்டுமா?

இதில்தான் மனஸ்தாபம் வந்தது. பக்ஹார்னில் இரண்டு பேருக்கு விடுமுறை முடிகிறது, போகலாம் என்றார்கள். கேபிள் அறுந்தவர் "நீங்கள் போங்கள்" என்றார், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் யாரும் போக மாட்டார்கள். ஒரு மணி நேரம் பேசி, பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது: நின்ற படகோடு எப்போதும் ஒரு துணைப் படகு இருக்கும், மற்றவர்கள் அடுத்த லாக் வரை போய்க் காத்திருப்பார்கள். ஒரு நாளுக்கு மேல் ஆனால் விடுமுறை முடிகிறவர்கள் மனக்கசப்பில்லாமல் போகலாம். இதைக் கிளம்பும் முன்பே, கரையில், டீ குடித்துக்கொண்டே பேசியிருக்க வேண்டும். பழுதான படகுக்குப் பக்கத்தில் நின்று பேசினால் எந்த வார்த்தையும் அந்த மனிதரைச் சுடும்.

ரேடியோவில் எங்களுக்குள் 68ஆம் சேனல். 16ஆம் சேனல் அழைப்புக்கும் ஆபத்துக்கும் மட்டும். ஆளுக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 16இல் கூப்பிடுங்கள். வெறும் இன்ஜின் கோளாறுக்குக் கடலோரக் காவல்படை மெக்கானிக் அனுப்பாது, இழுவைச் செலவு உங்கள் இன்சூரன்ஸில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் இன்ஜினைத் திரும்பத் திரும்பக் கிளப்பலாமா?

இன்ஜின் அறைக் காற்றை வெளியே தள்ளும் விசிறியான புளோயரை நான்கு நிமிடமாவது ஓடவிட்ட பிறகுதான். பழுது பார்க்கும்போது, ஃபில்டர் கழற்றிய பிறகு, இது இன்னும் முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கும். முதலில் மூக்கால் முகர்ந்து பாருங்கள். அவசரம் எவ்வளவு இருந்தாலும் இந்த நான்கு நிமிடத்தைக் குறைக்காதீர்கள்.

அண்ணா, எனக்கு மெக்கானிக் வேலை ஒன்றும் தெரியாது. நான் வரலாமா?

வாருங்கள் தம்பி. எனக்கும் மூன்று வருடம் முன்பு ஆயில் டிப்ஸ்டிக் எங்கே என்று தெரியாது. உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தும் பாகங்களை நீங்கள் வைத்திருந்தால் போதும், மாட்டித் தர ஆள் இருப்பார்கள். நடுவழியில் ஆளுக்குப் பஞ்சமில்லை, பாகத்துக்குத்தான் பஞ்சம். இம்பெல்லரும் அதன் கேஸ்கெட்டும், பெல்ட், பெட்ரோல் ஃபில்டர் மூன்று, மாற்று ப்ரொபெல்லர் (அதன் நட்டு, பின் இரண்டோடும்), ஹோஸ் கிளாம்ப், ஃபியூஸ், ஆயில். ஓட்டுவதற்கான படகு அட்டையும் ரேடியோவுக்கான சான்றிதழும் உங்களிடம் இருக்க வேண்டும், அது சட்டம்.

பீட்டர்பரோ லிஃப்ட் லாக்கில் பழுது வந்தால் என்ன ஆகும்?

எங்களுக்கு வரவில்லை. அதைப் பற்றிச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. 1904இல் திறந்தது, கிட்டத்தட்ட 20 மீட்டர் தூக்குகிறது, தூக்குவதற்கு இன்ஜினே இல்லை. இரண்டு பெரிய தொட்டிகள், மேலே இருப்பதில் ஓர் அடி தண்ணீர் கூடுதலாக விடுவார்கள், அந்த எடையில் அது இறங்க மற்றது ஏறும். ரைஸ் ஏரியில் உள்ளங்கை ரப்பரைத் தேடி வியர்த்தவன் அங்கே நின்றபோது கண் கலங்கிவிட்டது.

பிக் ஷூட்டில் என்ன பார்த்தீர்கள்?

அங்கே லாக் இல்லை, தண்டவாளம். வண்டி தண்ணீருக்குள் இறங்கி வரும், படகை வார்களில் தாங்கித் தூக்கி மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறக்கும். லாம்ப்ரே என்கிற ஒட்டுண்ணி மீன் மேலே ஏறிவிடக் கூடாது என்பதற்காக லாக் கட்டாமல் இப்படியே வைத்திருக்கிறார்கள். படகின் அடிப்பக்கம் முழுக்க வெளியே தெரியும். எங்களில் பழுதே வராத இரண்டு படகில் ஒன்றின் ப்ரொபெல்லர் தண்டில் தூண்டில் நரம்பு கையளவு தடிப்பில் சுற்றியிருந்தது. தண்ணீர் புகாமல் தடுக்கும் தண்டு சீலை நரம்பு அறுத்தால் கியர் ஆயிலுக்குள் தண்ணீர் போகும். இறங்கியதும் காலைத் தூக்கி, கத்தியால் வெட்டி எடுத்தோம், ஆயில் இன்னும் பால் நிறமாகவில்லை.

மறுபடி போகிறீர்களா?

அடுத்த ஜூலையில், அதே வழி. இந்த முறை பதினான்கு நாள், அதில் மூன்று நாள் எந்த ஊர் பெயரும் எழுதாமல் காலியாக விட்டிருக்கிறோம். ஒரில்லியாவிலிருந்து டிரெய்லரில் போனவர் டேங்கையே மாற்றிவிட்டார், அவர் படகுதான் முன்னால் போகப் போகிறது. சேர விரும்புகிறவர்கள் மே மாதத்திலேயே படகைக் கொண்டுவாருங்கள், ஃபில்டரைக் குவளையில் ஊற்றிப் பார்ப்பதில் தொடங்கலாம்.